உப்புப் பலகையில் ஈரம்

கிரீன் பார்க் நிலையத்தில் இறங்கிப் பிக்கடில்லி வீதியால் கிழக்கே நடந்தால் இடப்பக்கத்தில் அல்பமார்ல் தெரு வரும். அதன் 21ஆம் இலக்கத்தில், பழைய கிரேக்கக் கோயில் போல முகப்பில் தூண்கள் நிற்கும் கட்டடம் றோயல் இன்ஸ்டிடியூஷன். 1799இல் தொடங்கப்பட்டது. பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டது அங்கேதான் என்று பாடசாலையில் படித்திருப்போம். மெதேன் வாயுவின் கதையும் அந்தக் கட்டடத்துக்குள் இரண்டு தடவை திரும்பியிருக்கிறது. இரண்டாவது திருப்பத்திலிருந்து, இன்று எங்கள் தலைக்கு மேல் 800 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிக் கருவிகள் வரை ஒரு கோடு இழுக்கலாம். அந்தக் கோட்டின் குறுக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்பது ஒரே ஒரு பொருள்: ஈரம்.

முதலில் பெயர். இலங்கைப் பாடப்புத்தகங்களில் மெதேன், தமிழ்நாட்டில் மீத்தேன். அங்கே அது இரசாயன வகுப்பைத் தாண்டி ஊர்ச் சொல்லாகவே ஆனது காவிரிப் படுகையில் நிலக்கரிப் படிவ வாயு எடுக்கும் திட்டம் வந்தபோதுதான். அந்தத் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த வேளையில்தான் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காலமானார். ஆனால் வாயு எங்களுக்குப் புதிதல்ல. சதுப்பு நிலத்தில் இரவில் தெரியும் வெளிச்சத்தைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது சதுப்பு வாயு எரிவது என்று பள்ளிக்கூடத்தில் திருத்தினார்கள். 1776இல் வோல்ட்டா வட இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் போத்தலில் பிடித்து எரித்துப் பார்த்தார். அன்றிலிருந்து அது விஞ்ஞானத்தின் பொருள்.

அல்பமார்ல் தெருவில் முதல் திருப்பம் 1815இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1812 மே மாதம், வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபெலிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் செத்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். சுரங்கத்தில் ‘தீ ஆவி’ என்று அழைக்கப்பட்ட அந்த வாயுவைப் போத்தலில் அடைத்து லண்டனுக்கு அனுப்புவித்து ஆராய்ந்த ஹம்ஃப்ரி டேவி, சுடரைச் சுற்றிக் கம்பி வலை போட்டால் வெடிப்பு வலைக்கு வெளியே பரவாது என்று கண்டார். டேவி விளக்கை உயிர்காக்கும் விளக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அது ஒரு அளவுகருவியும்தான். காற்றில் மெதேன் கலந்திருந்தால் சுடரின் மேல் வெளிறிய நீல நிறத்தில் ஒரு தொப்பி தோன்றும். அந்தத் தொப்பியின் உயரத்தைப் பார்த்து எவ்வளவு வாயு என்று தொழிலாளி கணித்தார். வலையில் ஒரு கம்பி அறுந்தாலும் விளக்கே வெடிமருந்தாகிவிடும். ஆகையால் ஒவ்வொரு முறை இறங்குமுன்பும் விளக்கைச் சோதிப்பது சுரங்க வேலையின் ஒரு பகுதியானது. கருவியை நம்புவதற்கு முன் கருவியைப் பார் என்பதை விஞ்ஞானிகளுக்கு முன்னரே அந்தத் தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பழகியிருந்தார்கள்.

இரண்டாவது திருப்பம் ஜோன் டிண்டலுடையது. அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில் பிறந்தவர். நில அளவையாளராகவும் ரயில்பாதை வேலையிலும் இருந்து பிறகு ஜெர்மனிக்குப் போய்ப் படித்தவர். 1859 மே மாதத்தில், 38 வயதில், வாயுக்கள் வெப்பக் கதிரை விழுங்குமா என்று பார்க்கத் தொடங்கினார். (அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண் 1856இலேயே கரியமில வாயுவும் ஈரக் காற்றும் வெயிலில் கூடுதலாகச் சூடேறுகின்றன என்று காட்டியிருந்தார். அவர் பெயர் நூற்றைம்பது ஆண்டுகள் புதைந்து கிடந்தது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.) டிண்டல் பரிசோதித்த வாயுக்களில் ஒன்று ஆய்வுகூடத்தின் குழாயிலேயே வந்தது. லண்டன் தெருவிளக்குகளை எரித்த அதே நிலக்கரி வாயு; அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மெதேன். கண்ணுக்குக் காற்றைப் போலவே தெளிவாகத் தெரிந்த அந்த வாயு, வெப்பக் கதிருக்குச் சுவர் போல நின்றது. யூன் 10ஆம் திகதி மாலை, அரசியின் கணவர் அல்பேர்ட் தலைமை வகிக்க, அதைச் சபை நடுவில் செய்து காட்டினார்.

அவருடைய கருவியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இன்றைய செய்மதிக் கருவியின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது. உள்ளே மெருகிட்ட நான்கு அடிப் பித்தளைக் குழாய். ஒரு முனையில் கொதிநீர் நிரம்பிய உலோகப் பெட்டி. அதுதான் வெப்பத்தின் ஊற்று. மறுமுனையில் வெப்பத்தை மின்னோட்டமாக்கும் உலோக அடுக்கு. அந்த மின்னோட்டத்தைக் காட்டுவது ஒரு கல்வனோமானியின் ஊசி. சிக்கல் என்னவென்றால், பெட்டியிலிருந்து வரும் வெப்பம் மிகப் பெரிது, வாயு விழுங்கும் பங்கு மிகச் சிறிது. ஒரு மூட்டை அரிசியிலிருந்து ஒரு பிடி குறைந்ததைத் தூக்கிப் பார்த்துச் சொல்வது போன்ற வேலை. டிண்டல் அதைத் தராசாக மாற்றினார். அடுக்கின் மறுபக்கத்தில் இன்னொரு கொதிநீர்ப் பெட்டியை வைத்து, நடுவில் ஒரு மறைப்பை நகர்த்தி, இரண்டு பக்கமும் சமமாகி ஊசி பூச்சியத்தில் நிற்கும்படி செய்தார். பிறகு குழாய்க்குள் வாயுவை விட்டார். இப்போது ஊசி எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவும் வாயுவின் வேலை.

அந்த ஊசிதான் முதலில் அவரை ஏமாற்றியது. பேர்லினிலிருந்து வந்த அருமையான கல்வனோமானி, மின்னோட்டமே இல்லாதபோதும் பூச்சியத்தில் நிற்க மறுத்தது. செப்புக் கம்பியில் இரும்பு கலந்திருக்கிறது என்று சந்தேகித்துக் கம்பியைச் சோதித்தார். குற்றம் செம்பில் இல்லை. கம்பியைச் சுற்றியிருந்த பச்சைப் பட்டு நூலில்! அந்தப் பச்சைச் சாயத்தில் இரும்புச் சேர்மம் இருந்தது. சாயமிடாத வெள்ளைப் பட்டை, அதுவும் சுத்தமான கைகளால், திரும்பச் சுற்றிய பிறகுதான் ஊசி ஒழுங்குக்கு வந்தது. காலநிலை விஞ்ஞானத்தின் முதல் பெரிய அளவீடு ஒரு பட்டுச் சாயக்காரரின் தொட்டியில் மாட்டிக்கொண்டிருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அடுத்தது உப்பு. குழாயின் இரு வாய்களையும் மூட வேண்டும். கண்ணாடி உதவாது, அதுவே வெப்பக் கதிரை விழுங்கிவிடும். இந்துப்பைப் போன்ற பாறையுப்பைப் பலகையாக அறுத்து மெருகிட்டால் வெப்பம் தடையின்றிப் போகும். டிண்டல் அதைத்தான் பொருத்தினார். அளவீடுகள் வெளிவந்தன. காற்றின் விழுங்கலை 1 என்று வைத்தால் கரியமில வாயு 90, சதுப்பு வாயு, அதாவது மெதேன், 403. நீராவியின் பலமும் அவரைத் திகைக்க வைத்தது: லண்டன் காற்றில் சாதாரணமாக இருக்கும் ஈரமே, உலர்ந்த காற்றைப் போல் பல மடங்கு வெப்பத்தை விழுங்கியது.

பேர்லினில் குஸ்ராவ் மக்னஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சிறியவர் அல்ல. பெரிய ஆய்வாளர், டிண்டலின் நண்பரும்கூட. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கூடுதலாக எதையும் விழுங்கவில்லை என்றது அவருடைய பரிசோதனை. அப்படியானால் டிண்டலின் ஊசி எதைக் காட்டியது? மக்னஸின் பதில் எளிமையானது: உப்பு ஈரத்தை உறிஞ்சும். மாரி காலத்தில் அடுப்படி உப்புச் சாடியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பலகையில் படிந்த நீர்ப் படலம்தான் வெப்பத்தை மறித்தது. நீங்கள் அளந்தது வாயுவை அல்ல, உங்கள் கருவியின் சன்னலை.

இந்த வாதம் 1860களில் ஆண்டுக் கணக்கில் இழுபட்டது. டிண்டல் பலகைகளைக் கழற்றிப் பார்த்து, துடைத்துப் பார்த்து, ஈரம் இல்லை என்றார். பிறகு பலகைகளையே எடுத்துவிட்டுத் திறந்த குழாயில் பரிசோதனையைச் செய்தார். உலர்ந்த காற்றையும் ஈரக் காற்றையும் மாறி மாறி விட, ஊசி முன்போலவே ஆடியது. லண்டன் காற்றில் உள்ள புகையும் அழுக்கும்தான் காரணமோ என்ற சந்தேகத்துக்கு, ஹைட் பார்க், பிரிம்றோஸ் ஹில், ஹாம்ஸ்ரெட் ஹீத், எப்சம் மேடு, வைட் தீவு என்று வெவ்வேறு இடத்துக் காற்றைக் கொண்டுவந்து சோதித்தார். எல்லாம் ஒரே சாட்சியே சொன்னது. நீராவி விஷயத்தில் டிண்டல் சரி, மக்னஸ் பிழை. ஆனாலும் மக்னஸ் கேட்ட கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அதே கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இம்முறை நியாயமாகவே, திரும்பி வந்தது.

செய்மதிக்கு வருவோம். கொதிநீர்ப் பெட்டியின் இடத்தில் சூரியன். பித்தளைக் குழாயின் இடத்தில் வளிமண்டலம் முழுவதும். சூரிய ஒளி மேலிருந்து இறங்கி, நிலத்தில் பட்டுத் தெறித்து, திரும்ப மேலே வருகிறது. அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், செங்கீழ்க் கதிர்ப் பகுதியில் 1.65 மைக்ரோமீற்றரை ஒட்டியும் 2.3 மைக்ரோமீற்றரை ஒட்டியும் மெதேன் விழுங்கிய இடங்கள் கறுத்த கோடுகளாகத் தெரியும். கோடு எவ்வளவு ஆழமோ வழியில் அவ்வளவு மெதேன். கொள்கை இவ்வளவுதான்.

கடினம் எண்ணிக்கையில் இருக்கிறது. இன்று வளிமண்டலத்தில் பில்லியன் மூலக்கூறுகளுக்கு 1,900க்கும் மேல் மெதேன் உண்டு. கைத்தொழிற் புரட்சிக்கு முன்பு 700 சொச்சம். எங்கும் பரவிக் கிடக்கும் இந்த 1,900க்கு மேல், ஒரு பெரிய நெல் வலயமோ எண்ணெய் வயலோ அந்தப் பிரதேசத்தின் காற்றில் கூட்டிவைப்பது பெரும்பாலும் ஓரிரு வீதம்தான். ஆகவே கருவி ஒரு வீதம் பிழைத்தால், ஒரு நாட்டின் முழு உமிழ்வும் தோன்றிவிடலாம் அல்லது மறைந்துவிடலாம். ஏவிய பிறகு மேலே போய்ப் பலகையைத் துடைக்க ஆளில்லை. அதனால் கருவியின் உடல்நலத்தைத் தினமும் கீழிருந்தே நாடி பிடித்துப் பார்க்கிற ஒரு தொழில் உருவாகியிருக்கிறது. செய்தித்தாள்களில் வரும் செம்மஞ்சள் நிற வரைபடங்களுக்குப் பின்னால் இருப்பது அந்தத் தொழில்.

2002 மார்ச் 1 அன்று ஐரோப்பா ஏவிய என்விசாட் செய்மதியில் சியாமக்கி என்ற கருவி இருந்தது. ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் சேர்ந்து செய்தது. பெயர் எழுத்துச் சுருக்கம்தான். ஆனால் கிரேக்கத்தில் அதற்கு நிழலோடு சண்டையிடுதல் என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை இருந்திருக்கிறது. மெதேனை அளப்பதற்கு மிக உகந்தது என்று அவர்கள் நம்பியிருந்தது 2.3 மைக்ரோமீற்றர்ப் பகுதி. அதற்கான உணரியைப் பூச்சியத்துக்கு நூறு பாகைக்கும் கீழே குளிர்வித்து வைக்க வேண்டும். மேலே போன சில காலத்துக்குள் அந்த உணரிக்கு வரும் ஒளி குறையத் தொடங்கியது. காரணம் பனிக்கட்டி. செய்மதி பூமியிலிருந்து தன் உடலோடு எடுத்துப்போன ஈரம், வெற்றிடத்தில் மெல்ல மெல்லக் கசிந்து, கருவிக்குள் மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய், உணரியின் மேல் படிந்து உறைந்தது. உப்புப் பலகையில் இல்லாத ஈரம், இங்கே உண்மையாகவே சன்னலில் இருந்தது.

கருவியைச் சூடாக்கிப் பனியைப் போக்கினார்கள். குளிர்வித்ததும் திரும்ப வந்தது. திரும்பவும் சூடாக்கினார்கள். கடைசியில் மெதேன் கணக்கின் பெரும் பகுதியை 1.65 மைக்ரோமீற்றருக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. விண்வெளிக் கதிர்வீச்சு உணரியின் பிக்சல்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டிருந்தது, 2005 இறுதியிலிருந்து மெதேனுக்கு முக்கியமான பகுதியிலேயே சேதம் கூடிவிட்டது. எந்தப் பிக்சல் செத்தது, எது பொய் சொல்கிறது என்று பட்டியல் வைத்து, அவற்றின் சாட்சியைத் தள்ளிவிட்டே கணக்குப் பார்த்தார்கள்.

இதுவரை கருவியின் உடல்நோய். அடுத்தது வேறு வகை, எங்களைத் தொடும் வகை.

2005இல் ஹைடல்பேர்க்கைச் சேர்ந்த கிறிஸ்ரியன் ஃபிராங்கன்பேர்க்கும் கூட்டாளிகளும் சியாமக்கியின் மெதேன் வரைபடத்தை ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். உலகம் முழுவதற்குமான முதல் படம். ஆசியாவின் நெல் நிலங்கள் பளிச்சென்று தெரிந்தன. அதைவிட ஆச்சரியம், வெப்பவலயம் எங்கும் எதிர்பார்த்ததைவிட மிகுதியான மெதேன். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், பச்சை மரங்களே மெதேனை வெளியிடுகின்றன என்று ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. செய்மதி கண்ட மிகுதிக்கு அது விளக்கமாகலாம் என்று பேசப்பட்டது. பழைய கணக்குகளைத் திறக்க வேண்டுமோ என்ற நிலை.

2008இல் அதே ஃபிராங்கன்பேர்க்கும் கூட்டாளிகளும் தங்கள் படத்தைத் தாங்களே திருத்தினார்கள். மெதேன் கோடுகளின் அருகே நீராவிக்கும் மெல்லிய கோடுகள் உண்டு. ஆய்வுகூடத்தில் அளந்து அட்டவணையிட்டிருந்த அந்த நீராவிக் கோடுகளின் விபரம் சரியாக இல்லை. காற்றில் ஈரம் குறைந்த இடத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. ஈரம் மிகுந்த இடத்தில் நீராவி விழுங்கியதில் ஒரு பகுதியும் மெதேனின் கணக்கில் ஏறியது. ஈரம் மிகுந்த இடம் என்றால் வெப்பவலயம். அமேசன், கொங்கோ, எங்கள் ஊர்கள். அட்டவணையைத் திருத்தியதும் வெப்பவலயத்தின் ஆண்டு உமிழ்வு 260 மில்லியன் தொன்னிலிருந்து ஏறத்தாழ 201 மில்லியன் தொன்னாக இறங்கியது. அப்போதும் முன்பு நினைத்ததைவிடக் கூடுதல்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 59 மில்லியன் தொன் மெதேன் வயலிலிருந்தும் காட்டிலிருந்தும் வரவில்லை. ஒரு அட்டவணையிலிருந்து வந்தது. திருத்தங்கள் தலைப்புச் செய்தியாவதில்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 1990களின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். றியோ மாநாட்டுக்கு முந்திய காலம். யார் எவ்வளவு உமிழ்கிறார்கள் என்று நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் வரத் தொடங்கியிருந்தன. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்திய நெல்வயல்கள் மட்டும் ஆண்டுக்கு 37.8 மில்லியன் தொன் மெதேன் வெளியிடுவதாகச் சொல்லப்பட்டது. அந்த எண் பெரும்பாலும் வேறு தேசத்து வயல்களில் எடுத்த அளவீடுகளை இந்தியாவின் நெற்பரப்பால் பெருக்கிப் பெற்றது. டில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் ஒரு சிறு நூல் எழுதி, ஏழை உழவனின் வயலிலிருந்து பிழைப்புக்காக வருவதையும் பணக்காரனின் காரிலிருந்து வருவதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்டார்கள். அது நியாயத்தின் கேள்வி. அதே ஆண்டு இன்னொரு கூட்டம் எண்ணையே சோதிக்கப் போனது.

டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுகூடம் லண்டன் ரெடிங்ரனில் உள்ள ஆய்வுகூடத்தின் பெயரையே தனக்குக் கொண்டது. அதன் முதல் இயக்குநர் கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்த தமிழர், 1928இல் ராமனோடு ஒளிச்சிதறலைக் கண்டவர். அந்த ஆய்வுகூடத்தின் ஏ. பி. மித்ரா தலைமையில் 1991இல் நாடு தழுவிய அளவீடு நடந்தது. நாற்றுகளின் மேல் பெர்ஸ்பெக்ஸ் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதிக்கும் வேலை. முழங்கால் சேற்றில் நின்று செய்யும் விஞ்ஞானம். முடிவு: ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லியன் தொன். முன்னைய எண்ணில் பத்தில் ஒரு பங்கு. எப்போதும் நீர் நிற்கும் வயல்தான் மிகுதியாக வெளியிடும். இந்தியாவில் ஏராளமான வயல்கள் மழையை நம்பியவை, இடையிடையே காய்பவை. உழவனுக்குத் தெரிந்த இந்த விஷயம் பெருக்கல் கணக்கில் இல்லை.

ஆகவே 2005இல் செய்மதிப் படம் வெப்பவலயத்தைச் சிவப்பாகக் காட்டியபோது, அது வெறும் பௌதிகக் குறும்பு அல்ல. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் யார் முன்னால் அந்தப் படம் வைக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

2009 சனவரி 23 அன்று யப்பான் ஏவிய இபுக்கி செய்மதி வேறொரு வழியில் உதவியது. இபுக்கி என்றால் மூச்சு. அதன் அவதானங்களை லெஸ்ரர் பல்கலைக்கழகத்தினர் எடுத்து மெதேன் கணக்காக்கியபோது பயன்படுத்திய உபாயம் டிண்டலுக்கு உடனே விளங்கியிருக்கும். மெதேன் கோடுகளுக்குப் பக்கத்திலேயே கரியமில வாயுவின் கோடுகளும் உள்ளன. மெல்லிய முகிலோ தூசியோ ஒளியின் பாதையை மாற்றினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் பிழைக்கும். ஒன்றை மற்றதால் வகுத்தால் பிழையும் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். இரண்டாவது கொதிநீர்ப் பெட்டி! அந்தத் தரவுகளையும் நிலத்திலும் விமானத்திலும் எடுத்த அளவீடுகளையும் சேர்த்து, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் அனிதா கணேசன் முதலாசிரியராக 2017இல் வெளிவந்த ஆய்வு, 2010 முதல் 2015 வரை இந்தியாவின் மொத்த மெதேன் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 22 மில்லியன் தொன் என்றது. இந்தியா ஐ.நா.வுக்குத் தானே கொடுத்த கணக்கோடு அது பொருந்தியது. அந்த ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க ஏற்றமும் இல்லை.

லண்டனின் கணக்கு எப்படி? 2012 முதல் மூன்று ஆண்டுகள் பி.ரி. கோபுரத்தின் உச்சியில் கருவி வைத்து, நகரத்திலிருந்து மேலெழும் வாயுக்களை நேரடியாக அளந்தார்கள். மத்திய லண்டனின் மெதேன் உமிழ்வு அதிகாரபூர்வப் பட்டியலில் சொல்லப்பட்டதைவிட இரு மடங்குக்கும் மேல் என்று 2016இல் எழுதினார்கள். இந்த நகரம் 1812இலிருந்து குழாயில் வாயு ஓட்டுகிறது. கடல் கடந்து கப்பலில் திரவ மெதேன் உலகிலேயே முதலாக வந்து இறங்கியதும் இங்கேதான். 1959 பெப்ரவரியில் ‘மெதேன் பயனியர்’ லூசியானாவிலிருந்து தேம்ஸ் முகத்துவாரத்தின் கன்வி தீவுக்கு வந்தது. எங்கள் வீட்டு அடுப்புக்கு வரும் வாயுவின் வரலாறு அது. கசிவுகள் சிறியவை, சிதறியவை, முகிலுக்கு அடியில் இருப்பவை. செய்மதிக்கு எளிதில் தெரிவதில்லை. பிரித்தானியாவில் ஒரு குழாய்க் கசிவை விண்ணிலிருந்து கண்டது 2023இல்தான், செல்ரனம் நகரத்தருகே; அதுவும் பக்கத்துக் குப்பைமேட்டைப் பார்க்கப் போன இடத்தில் தற்செயலாக.

லண்டனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் இந்தத் தொழிலின் பல பட்டறைகள் அதற்குள் அடங்கும். 2017 ஒக்டோபர் 13 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க்கிலிருந்து போன சென்ரினல்-5பி செய்மதி ஸ்ரீவனேஜில் ஒருங்கிணைக்கப்பட்டது. அதிலுள்ள ட்ரொபோமி கருவி நெதர்லாந்தின் தலைமையில் உருவானது; மெதேனை அளக்கும் பகுதி கில்ட்ஃபர்ட்டில் கட்டப்பட்டது. சியாமக்கியைப் பனி கெடுத்த அதே 2.3 மைக்ரோமீற்றர்ப் பகுதியில்தான் இதுவும் மெதேனைப் பார்க்கிறது. 2,600 கிலோமீற்றர் அகலத்தை ஒரே வீச்சில் பார்ப்பதால் நாளுக்கு ஒரு தடவை உலகம் முழுவதையும் கடந்துவிடும். ஆனால் பூமியின் இருட்டுப் பக்கத்தில் அது சும்மா இருப்பதில்லை. தன் உள் விளக்குகளைத் தானே ஏற்றி, தன் கண்ணைத் தானே சோதிக்கிறது. இருட்டில் உணரி என்ன சொல்கிறது? வெள்ளை விளக்குக்கு என்ன சொல்கிறது? சிறு லேசர் ஒளிக்கு? நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறதா?

சூரியனை நேராகப் பார்த்து ஒப்பிடுவதற்கு ஒளியைச் சிதறடிக்கும் பலகைகள் இரண்டு வைத்திருக்கிறார்கள். வெயில் பட்டுப் பட்டுப் பலகையும் பழுதாகும். அதனால் ஒன்றை அடிக்கடியும் மற்றதை அரிதாகவும் வெயிலில் காட்டுகிறார்கள். இரண்டும் வேறுபடத் தொடங்கினால் மூப்பு பலகையில். ஒன்றாகவே மாறினால் சந்தேகம் கருவியின்மேல். நாட்கூறைப் புடவையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அன்றாடம் உடுப்பதன் சாயம் போயிற்றா என்று எடுத்துப் பார்ப்பது போல. நெதர்லாந்தில் இருக்கும் குழுவினர் இந்த வாசிப்புகளையும் பழுதான பிக்சல்களின் பட்டியலையும் நாள்தோறும் கவனிக்கிறார்கள். நிலத்திலிருந்து சூரியனைப் பார்த்து மெதேனை அளக்கும் நிலையங்களோடும் ஒப்பிடுகிறார்கள். ஒக்ஸ்போர்ட் பக்கத்து ஹார்வெல்லில் அப்படி ஒன்று உண்டு. ட்ரொபோமியின் மெதேன் பகுதி இதுவரை வியக்கத்தக்க உறுதியோடு இருக்கிறது. பிழைகள் வந்தது நிலத்தின் நிறத்திலிருந்து: கறுத்த தரைக்கு மேல் ஒரு மாதிரியும் பாலைவன மணலுக்கு மேல் வேறு மாதிரியும் வாசித்தது. அதற்குத் திருத்தம் போட்டிருக்கிறார்கள்.

ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் கடைசியில் எதில் போய் நிற்பது? இந்தக் கேள்விதான் ரெடிங்ரனின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் கேள்வி. புஷி பார்க் ஓரம், கிங்ஸ்ரனிலும் நியூ மோல்டனிலும் இருக்கும் நம்மவர்கள் சாதாரணமாகக் கடந்து போகும் இடம். 1900இல் நிறுவப்பட்டது, நாட்டின் படிக்கல்லும் முழக்கோலும் அங்கேதான் சரிபார்க்கப்படுகின்றன. 1980களில் அங்கே குவினும் மார்ட்டினும் ஒளியை நிறுக்க ஒரு வழியைச் செம்மைப்படுத்தினார்கள். மிகக் குளிர்ந்த கறுப்புக் குழிக்குள் ஒளியை விட்டு அது எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பது. பிறகு ஒளியை மறைத்து, அதே சூட்டை மின்சாரத்தால் கொடுப்பது. மின்சாரத்தைத் துல்லியமாக அளக்க முடியும், ஆகவே ஒளியின் நிறை தெரிந்துவிடும். திரும்பவும் இரண்டு தட்டு, நடுவில் பூச்சியம்.

அந்தத் தராசையே விண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று அதே கூடத்தின் நைஜல் ஃபொக்ஸ் பல ஆண்டுகள் வாதாடினார். ‘ட்ரூத்ஸ்’ என்ற அந்தத் திட்டத்தை ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2019இல் ஏற்றது. அது மெதேனை அளக்கப் போவதில்லை. மற்றச் செய்மதிகள் பார்க்கும் அதே நிலத்தை அதே நேரத்தில் பார்த்து, அவற்றின் கண் சரியா என்று சொல்வதே அதன் வேலை. படிக்கல்லைக் கடைக்கே கொண்டுபோய்ச் சோதிக்கும் அதிகாரி மாதிரி. இன்னும் ஏவப்படவில்லை.

எது வந்தாலும் ஒரு குருடு இருக்கும். வன்னியில் காலபோக நெல் வடகீழ்ப் பருவமழையோடுதான் வளர்கிறது. வயலில் நீர் நிற்கும் மாதங்கள் முகில் மூடும் மாதங்கள். தண்ணீரோ இந்த அலைநீளங்களில் கறுப்பு; ஒளி திரும்பி வருவதில்லை. பக்கத்தில் கடல், அதுவும் கறுப்பு. வயல் மிகுதியாக மூச்சுவிடும் நேரத்தில் செய்மதிக்குத் தெரிவது மிகக் கொஞ்சம். அந்த இடைவெளியைக் கணினி மாதிரிகள் நிரப்புகின்றன. இரணைமடுவுக்குக் கீழுள்ள வயலுக்கு எண் வேண்டுமென்றால் அங்கேயும் யாராவது பெர்ஸ்பெக்ஸ் பெட்டியோடு சேற்றில் இறங்கத்தான் வேண்டும்.

மேலே இருப்பவைக்கும் ஆயுள் உண்டு. என்விசாட் 2012 ஏப்ரல் 8 அன்று திடீரென்று பேசாமல் போனது. மெதேனுக்கென்றே 2024 மார்ச்சில் போன மெதேன்சாட், ஒன்றே கால் ஆண்டில், 2025 யூனில், தொடர்பை இழந்தது. சென்ரினல்-5பி ஏழு ஆண்டுகளுக்கென்று கட்டப்பட்டது. அந்தத் தவணை 2024இலேயே முடிந்துவிட்டது, இன்னும் வேலை செய்கிறது. அதன் வாரிசான சென்ரினல்-5 கருவி 2025 ஓகஸ்டில் மேலே போயிருக்கிறது. இரண்டும் ஒரே வானத்தில் இருக்கும்போதே பழையதன் வாசிப்பைப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிக்க வேண்டும். அல்லாவிட்டால் 2017இலிருந்து சேர்த்த கணக்கும் இனி வரும் கணக்கும் இரண்டு வெவ்வேறு தராசில் நிறுத்தவையாகிவிடும்.